உடற்பயிற்சித் தரவைக் கைமுறையாக மாற்றுதல்

ஓட்டம், நடை, சைக்கிள் பயணம் போன்ற பயிற்சிகளின் பதிவுகளை ஒரு கண்காணிப்புச் சேவையிலிருந்து கோப்பாக இறக்கி, மற்றொரு சேவையில் பயனரே ஏற்றுவது ‘உடற்பயிற்சித் தரவைக் கைமுறையாக மாற்றுதல்’ எனப்படும். இரண்டு சேவைகள் தங்களுக்குள் தாமாகவே பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் ‘சிங்க்’ வசதி இல்லாதபோதும், அது பழுதாகும்போதும், ஒரு சேவை மூடப்படும்போதும் இம்முறை தேவைப்படுகிறது.

தேவை எழும் விதம்

சென்னையில் பொழுதுபோக்கு ஓட்டம் இயக்கமாக வளர்ந்ததில் 2006-இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டி நடையையும் ஊக்குவித்தது. இன்று வேலப்பன்சாவடியை அடுத்த நூம்பல் போன்ற மேற்குப் புறநகர்களிலும் விடியற்காலையில் கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு ஓடத் தொடங்குபவர்களைப் பார்க்கலாம்.

இவர்களில் பலருடைய பதிவுகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதல் ஆண்டு ஓட்டம் கைபேசிச் செயலியில் இருக்கும். பிறகு வாங்கிய கடிகாரம் தன் நிறுவனத்தின் கணக்கில் சேமிக்கும். நண்பர்கள் கூடும் சேவை வேறாக இருக்கும். கடிகாரத்தின் பிராண்டை மாற்றினால் வரலாறு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதன்முதலாக 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடிய நாள், காய்ச்சலுக்குப் பின் மெல்லத் திரும்பிய வாரங்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைந்த இதயத்துடிப்பு ஆகியவற்றைத் தொடர்ச்சியாகப் பார்த்தால்தான் பயன் உண்டு. அந்தத் தொடர்ச்சியைக் காப்பதே இம்மாற்றத்தின் நோக்கம்.

கோப்பு வடிவங்கள்

மூன்று வடிவங்கள் பரவலாகப் புழங்குகின்றன.

ஜிபிஎக்ஸ்: 2002-இல் வெளியானது, இன்று வழக்கிலுள்ள 1.1 பதிப்பு 2004-இல் வந்தது. எக்ஸ்எம்எல் அடிப்படையிலானது என்பதால் சாதாரண எழுத்துத் தொகுப்பி ஒன்றில் திறந்தே படிக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் ஆகியவற்றைத் தாங்கும். இதயத்துடிப்பும் காலடி வேகமும் இதன் அடிப்படை வடிவத்தில் இல்லை. கூடுதல் பகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. ஏற்கும் சேவை அப்பகுதியைப் படிக்காவிட்டால் அவை விடுபடும்.

டிசிஎக்ஸ்: கார்மின் நிறுவனம் உருவாக்கியது. இதுவும் எக்ஸ்எம்எல் வகைதான். சுற்றுகள், இதயத்துடிப்பு, கலோரி ஆகியவற்றுக்கு இதில் நேரடி இடம் உண்டு.

ஃபிட்: கார்மினின் துணை நிறுவனமான டைனாஸ்ட்ரீமிலிருந்து வந்த இரும வடிவம். இன்றைய விளையாட்டுக் கடிகாரங்கள் பலவும் இதில்தான் எழுதுகின்றன. அளவில் சிறியது, தகவலில் மூன்றிலும் நிறைவானது. எழுத்துத் தொகுப்பியில் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். இடத்தை டிகிரியாக எழுதாமல், 180 டிகிரியை 2-இன் 31-ஆம் அடுக்குக்குச் சமமாகக் கொண்ட முழு எண்ணாக எழுதும். நூம்பல் பகுதியின் அட்சரேகை ஏறத்தாழ 13.05 டிகிரி, அது ஃபிட் கோப்புக்குள் 15,56,92,564 என்று இருக்கும். நேரம் 1989 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து கடந்த வினாடிகளாக எண்ணப்படும். கோப்பின் கடைசி 2 பைட்டுகள் சரிபார்ப்பு எண். உள்ளே ஒரு பைட்டை மாற்றினாலும் அந்த எண் பொருந்தாமல் போகும். ஆகவே இதைக் கையால் திருத்தக் கூடாது.

கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை மாற்றினால் வடிவம் மாறிவிடாது. வடிவம் மாற்ற ஜிபிஎஸ்பேபல் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. மூலக் கோப்பை ஏற்றும் வாய்ப்பு இருக்கும்வரை அதையே ஏற்றுவது நல்லது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒரு தகவல் உதிர்கிறது.

செய்முறை

வேலை நான்கு படிகளில் முடியும். முதலில் பழைய சேவையிலிருந்து கோப்புகளை இறக்க வேண்டும். ஒரு பயிற்சியை மட்டும் எடுக்க, பெரும்பாலான சேவைகளில் அப்பயிற்சியின் பக்கத்திலேயே வசதி இருக்கும். மொத்தமாக எடுக்கக் கணக்கு அமைப்புகளில் விண்ணப்பிக்க வேண்டும். தொகுப்பு சுருக்கப்பட்ட கோப்பாக வந்து சேரும். உடற்பயிற்சிக் கண்காணிப்புச் சேவையான ஸ்ட்ராவாவின் தொகுப்பில் பயிற்சிக் கோப்புகள் பல தனித்தனியாகவும் சுருக்கப்பட்டிருப்பதால் இரண்டு முறை விரிக்க வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது படி, இறக்கியவற்றில் ஒன்றிரண்டைத் திறந்து சோதிப்பது. மூன்றாவது, ஏற்றுவது. ஸ்ட்ராவாவின் இணையப் பக்கம் ஒரு தடவைக்கு 25 கோப்புகள் வரை ஏற்கும். ஒவ்வொன்றும் 25 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆயிரம் ஓட்டங்களை மாற்றுபவர் நாற்பது தடவை ஏற்ற வேண்டும். ஆண்டுவாரியாகக் கோப்புறைகள் பிரித்துக்கொண்டால் எங்கே நிறுத்தினோம் என்பது தெரியும். நான்காவது, இரண்டு சேவைகளிலும் ஆண்டு மொத்தத் தூரத்தை ஒப்பிடுவது.

கோப்பே இல்லாத பயிற்சிகளுக்குத் தேதி, தூரம், நேரம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து சேர்க்கலாம். வழித்தடம் இல்லாத இத்தகைய பதிவுகள் மொத்தக் கணக்கில் சேரும். குறிப்பிட்ட சாலைத் துண்டின் வேகப் பட்டியலில் இடம்பெறா.

வழக்கமான சிக்கல்கள்

நேர மண்டலம் இந்தியப் பயனர்களை அதிகம் தொல்லைப்படுத்துவது. ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் உள்ளது. நூம்பலில் ஒருவர் ஜனவரி 1 அன்று காலை 5:10-க்கு ஓடத் தொடங்கினால், கோப்பில் அது டிசம்பர் 31, 23:40 என்று பதிவாகும். ஏற்கும் சேவை இடத்தை வைத்து நேரத்தைச் சரிசெய்தால் கவலை இல்லை. சரிசெய்யாவிட்டால் புத்தாண்டின் முதல் ஓட்டம் போன ஆண்டுக் கணக்கில் விழும். காலை 5:30-க்கு முன் ஓடுபவர்கள் மாற்றியவுடன் தேதிகளைப் பார்ப்பது அவசியம்.

இரட்டைப் பதிவு அடுத்த சிக்கல். கடிகாரம் தானாகவும் அனுப்பி, பயனரும் கையால் ஏற்றினால் ஒரே ஓட்டம் இருமுறை வரக்கூடும். கைமுறை மாற்றம் முடியும்வரை தானியங்கி இணைப்பைத் துண்டித்து வைப்பது பாதுகாப்பானது.

தூரமும் உயர ஏற்றமும் சிறிது மாறுவது பிழை அல்ல. ஒவ்வொரு சேவையும் புள்ளிகளிலிருந்து தூரத்தைத் தன் முறையில் கணக்கிடுகிறது. உயரத்தை ஒன்று கடிகாரத்தின் காற்றழுத்தமானியிலிருந்தும், இன்னொன்று வரைபடத் தரவிலிருந்தும் எடுக்கலாம்.

சில டிசிஎக்ஸ் கோப்புகளின் முதல் வரிக்கு முன் தேவையற்ற வெற்றிடங்கள் இருக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத இவற்றாலேயே ஏற்றம் தோல்வியடையும். எழுத்துத் தொகுப்பியில் திறந்து அவற்றை நீக்கினால் கோப்பு ஏறிவிடும்.

அந்தரங்கம்

வீட்டைச் சுற்றிய பகுதியை வரைபடத்தில் மறைக்கும் வசதியைச் சேவைகள் தருகின்றன. அந்த மறைப்பு சேவையின் காட்சியில் மட்டுமே உள்ளது. மூலக் கோப்பில் ஓட்டம் தொடங்கிய வாசற்படி வரை இருக்கும். புதிய சேவையில் பழைய மறைப்பு தானாக வராது. எனவே அங்கே மறைப்பு எல்லையை முதலில் அமைத்துவிட்டுக் கோப்புகளை ஏற்ற வேண்டும். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்ட உலக ஓட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களின் இருப்பிடங்கள் தெரிந்தன என்பது 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது; வழித்தடத் தரவு எவ்வளவு சொல்லிவிடும் என்பதை உலகம் அப்போது உணர்ந்தது.

வரலாற்றில் இரு பாடங்கள்

2007-இல் டென்மார்க்கில் பிறந்த எண்டோமோண்டோ என்ற உடற்பயிற்சிச் சேவையை 2015-இல் அண்டர் ஆர்மர் நிறுவனம் 8.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 டிசம்பர் 31-இல் அச்சேவை நிறுத்தப்பட்டது. உரிய காலத்தில் தொகுப்பை இறக்கியவர்களிடம் ஆண்டுக்கணக்கான உழைப்பின் பதிவு எஞ்சியது.

அதே ஆண்டு ஜூலை 23 அன்று கார்மின் மீது பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) தாக்குதல் நடந்து, அதன் இணையச் சேவைகள் சில நாட்கள் முடங்கின. பயிற்சிகள் கடிகாரத்திலேயே பத்திரமாக இருந்தன. பயனர்கள் கடிகாரத்தைக் கம்பி வழியாகக் கணினியில் இணைத்து, ‘ஆக்டிவிட்டி’ கோப்புறையிலிருந்த ஃபிட் கோப்புகளை எடுத்து ஸ்ட்ராவாவில் நேரடியாக ஏற்றினர். தானியங்கி வசதி எல்லாம் நின்றபோது கைமுறை மட்டுமே வேலை செய்தது.

சட்ட நிலை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 20-ஆவது பிரிவு, தன் தரவைக் கணினி படிக்கும் வடிவில் பெற்று வேறிடம் கொண்டுசெல்லும் உரிமையை வழங்குகிறது. இந்தியாவின் 2019 மசோதாவில் இவ்வுரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. இது வருந்தத்தக்க குறை. இந்தியப் பயனர் தன் ஓட்டங்களைத் திரும்பப் பெறுவது பெரிதும் சேவைகள் தாமே தரும் வசதியைப் பொறுத்தே உள்ளது. அந்த வசதி இருக்கும்போதே, மாதம் ஒருமுறை மூலக் கோப்புகளை இறக்கிச் சொந்தக் கணினியில் ஒரு படியும் வெளியே இன்னொரு படியும் வைத்துக்கொள்வதே நம்பத்தகுந்த பாதுகாப்பு.