சுல்தான் கானுக்குத் தாமதமாக வந்த பட்டம்

அளவையிலும் நிறுவையிலும் நீதம் தவறலாகாது என்பது மார்க்கம் நமக்கு இட்ட கட்டளை. களத்துமேட்டில் நெல் அளக்கும் மரக்காலுக்கு உரிய அந்த நீதி, மனிதரின் திறமையை அளக்கும் அவைகளுக்கும் உரியதே. சதுரங்க வரலாறு இதற்கு நல்லதொரு சான்று.

சதுரங்கம் பற்றிய மார்க்கச் சட்டம் தனி விவாதம். சூதும் தொழுகை தவறுதலும் கலவாதவரை ஷாபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ். ஏனைய மத்ஹபுகள் இன்னும் கடுமையாகத் தடுத்துள்ளன. நாம் இங்கே நோக்குவது வரலாற்றை மட்டுமே.

இந்தியாவில் தோன்றிய இவ்வாட்டம் பாரசீகம் வழியே அரபு மண்ணை அடைந்து ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. ஆட்டக்காரர்களை ஐந்து தரங்களாக வகுக்கும் வழக்கம் அப்பாஸியர் காலத்திலேயே இருந்தது. எனினும் அன்று ஒருவர் முன்னுக்கு வர ஆட்சியாளரின் ஆதரவும் வேண்டியிருந்தது. கலீஃபா அல்முக்தஃபீயின் அவையில் அல்மாவர்தீ என்னும் ஆட்டக்காரர் செல்வாக்குடன் விளங்கினார். அஸ்ஸூலீ வந்து அவரை வென்றபோது, முதலில் மாவர்தீயின் பக்கம் நின்ற கலீஃபாவும் வென்றவரின் மேன்மையை ஏற்றுக்கொண்டார்.

நவீன காலத்தில் 1924 ஜூலை 20 அன்று பாரிஸ் நகரில் ‘ஃபிடே’ எனும் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. ஆயினும் உலகப் பட்டம் அதன் கைக்கு உடனே வரவில்லை. யாருடன், எந்தப் பணயத்துக்கு மோதுவது என்பதைப் பட்டம் வைத்திருந்தவரே பெரிதும் தீர்மானித்தார். 1946இல் அலெக்கைன் பட்டத்துடனேயே இறந்த பின்னர், 1948 முதல் உலகப் பட்டப் போட்டியை ஃபிடே நடத்தத் தொடங்கியது. 1950இல் முதன்முறையாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது.

அந்த 27 பேரில் மீர் சுல்தான் கான் இல்லை. பஞ்சாபைச் சேர்ந்த இந்த முஸ்லிம், ஸர் உமர் ஹயாத் கான் என்ற பிரமுகரின் ஆதரவில் லண்டன் சென்றவர். 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனவர். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவையே தோற்கடித்தவர். ஆதரவாளர் தாயகம் திரும்பியபோது அவரும் திரும்பினார். அத்துடன் அவரது சர்வதேச ஆட்டம் முடிந்தது. நெடுநாள் முன்பே ஆட்டத்தை விட்டு விலகியிருந்த ரூபின்ஸ்டைன் 1950இல் நினைவுகூரப்பட்டார். அப்போது உயிருடனிருந்த சுல்தான் கான் மறக்கப்பட்டார். 1966இல் அவர் மறைந்தார். 2024 பிப்ரவரியில்தான் ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அளித்தது.

இன்றைய முறை வேறு. 1970இல் ஃபிடே ஏற்ற ‘எலோ’ புள்ளிமுறையில் ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் கணக்கில் ஏறுகிறது. 2500 புள்ளிகளும், உரிய தரமுள்ள போட்டிகளில் ‘நார்ம்’ எனப்படும் தகுதிகளும் பெற்றவருக்கே கிராண்ட்மாஸ்டர் பட்டம். மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், 1951இல் தோன்றிய அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு, அதற்கும் மேல் ஃபிடே என நிர்வாகம் படிப்படியாக அமைந்துள்ளது. ஃபிடே பொதுச்சபையில் பெரிய நாடாயினும் சிறிய நாடாயினும் ஒரு வாக்குதான். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையில் கூடிய அச்சபை, நம் காவிரிக் கரையின் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்தைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

இம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. நார்ம் பெறுவதற்குப் பட்டம் பெற்றவர்களோடும் பிற நாட்டவரோடும் ஆட வேண்டும். அத்தகைய போட்டிகளுக்குச் சென்றுவரப் பொருள் வேண்டும். எனவே ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஆதரவாளர் இன்றும் தேவைப்படுகிறார். ஆனால் அவர் தர வேண்டியது வழிச்செலவே. தரத்தை நிர்ணயிக்கும் உரிமை அவரிடம் இல்லை. சுல்தான் கான் காலத்துக்கும் இக்காலத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் மஹல்லாக்களில் கல்வி உதவித்தொகை வழங்குவோரும், மதரஸாத் தேர்வுகளில் பரிசுக்குரியவரைத் தெரிவுசெய்வோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தகுதி இன்னது என்பதை முன்கூட்டியே எழுதி அறிவித்துவிட்டால், யாருடைய பிள்ளை என்று முகம் பார்க்கும் நிலை எழாது. உரியவருக்கு உரியதை உரிய காலத்தில் சேர்ப்பது அமானிதம். அதை நிறைவேற்றும் நல்லோராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.