குருத்தெலும்பும் குருத்தணுவும்

ஹைதராபாத் நகரின் மேற்கே, ராமச்சந்திராபுரத்தில், பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை 1960களில் எழுந்தது. திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் கொதிகலன். இங்கே நீராவியால் சுழலும் டர்பைன். இத்தொழிலை நாடித் தமிழ்க் குடும்பங்களும் வந்து வேரூன்றின. அன்று இயந்திரத்தின் முன் நின்று உழைத்தவர்கள் இன்று முதியோர். தேய்ந்த முழங்காலைக் குருத்தணு ஊசியால் புதுப்பிக்கலாம் என்னும் விளம்பரங்கள் அவர்களையும் எட்டுகின்றன. சேமிப்பைச் செலவிடுமுன் இம்மருத்துவம் கடந்துவந்த வழியை அறிந்துகொள்ளுதல் நன்று.

குருத்து என்னும் சொல் நமக்குத் துளிர்ப்பை நினைவூட்டும். ஆயினும், மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு, சிதைந்தபின் எளிதில் துளிர்ப்பதில்லை. ஹிப்பாக்ரட்டீஸ் காலந்தொட்டு அறியப்பட்ட இவ்வுண்மையை, 1743இல் வில்லியம் ஹண்டர் லண்டன் ராயல் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் ஊறும் நீரே அதற்கு உணவளிக்கிறது. குருதி பாயாத இடத்தில் புண் ஆறுவது அரிது.

1959இல் இங்கிலாந்தின் பிரிடி என்னும் அறுவை மருத்துவர், குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பில் சிறு துளைகள் இட்டார். அவற்றின் வழியே எலும்பு மஜ்ஜையின் குருதி கசிந்து வந்து சிதைவை மூடிற்று. ஆனால் விளைந்தது நார்மிகுந்த திசு. முன்னையதன் உறுதி அதற்கில்லை.

மஜ்ஜையில் அப்படி என்ன இருக்கிறது? குருதியணுக்களைத் தோற்றுவிக்கும் மூல அணுக்கள் அதில் உண்டென்பதை 1961இல் கனடாவின் டில், மெக்கல்லக் இருவரும் காட்டினர். எலும்பை உருவாக்கவல்ல வேறுவகை அணுக்களும் அங்கே உள்ளன என்று ரஷ்யாவில் பிரிடன்ஸ்டைன் கண்டார். 1994இல் ஸ்வீடன் மருத்துவர்கள், நோயாளியின் குருத்தெலும்பு அணுக்களையே வெளியே வளர்த்து 23 பேருக்குப் பதித்த விவரத்தை வெளியிட்டனர். 2002இல் ஜப்பானியர் மஜ்ஜை அணுக்களை முழங்காலில் பதித்த முடிவுகளை அறிவித்தனர்.

நம் நாடும் பின்தங்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986இல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிற்று. ஹைதராபாத்தின் எல். வி. பிரசாத் கண் மருத்துவமனை, தீயாலும் இரசாயனத்தாலும் கெட்ட கருவிழிக்கு 2001இல் குருத்தணுக்களை வளர்த்துப் பதிக்கத் தொடங்கிற்று. பெங்களூரின் ஸ்டெம்பியூடிக்ஸ் நிறுவனம், பிறர் தந்த மஜ்ஜையிலிருந்து செய்த மருந்தை 146 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 2022இல் அரசின் ஒப்புதல் பெற்றது. வலி தணிந்ததும் நடை எளிதானதும் அதன் பயன். முற்றும் தேய்ந்த மூட்டுக்கு அது உரியதன்று. இடைநிலைத் தேய்வுக்கே உரியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஒப்புதல் பெறாத குருத்தணுச் சிகிச்சையை முறையான ஆய்வாகவே நடத்தவேண்டும் என்கின்றன. ஆய்வுக்கு உட்படுவோரிடம் கட்டணம் பெறலாகாது என்றும் விதிக்கின்றன. ஆகவே, நமக்குக் கூறப்படும் மருந்தின் பெயர் யாது, அரசு அதனை எந்நோய்க்கு ஏற்றது, நம் மூட்டு எந்நிலையில் உள்ளது என்னும் மூன்றையும் மருத்துவரிடம் கேட்டறிவோம். தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பணப்பையைத் திறவாதிருப்போம்.