கரையில் நின்றவர்களின் கணக்கு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பல கணக்கெடுப்புகள் நடந்தன. இறந்தவர்களைப் பெண் என்றும் ஆண் என்றும் பிரித்துச் சொன்ன கணக்கு ஒன்று, 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. தேவனாம்பட்டினத்தில் பெண்கள் 42, ஆண்கள் 21. பச்சையாங்குப்பத்தில் இறந்தவர் எல்லோருமே பெண்கள்.

பெண்களுக்கு நீந்தத் தெரியாது, சேலை காலைச் சுற்றிக்கொண்டது, கையில் குழந்தை இருந்தது என்று பல காரணங்கள் அப்போது சொல்லப்பட்டன. அவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த அறிக்கை சுட்டிய முக்கியமான காரணம் தொழில் சார்ந்தது. ஆண்களில் பலர் படகில் இருந்தார்கள். ஆழ்கடலில் அலை உயராமல் படகுக்கு அடியில் கடந்துபோனது. பெண்கள் கரையில் இருந்தார்கள். படகு வந்ததும் மீனை ஏலம் எடுப்பது, தரம் பிரிப்பது, காயப்போடுவது, அன்னக்கூடையில் சுமந்துபோய் விற்பது எல்லாம் அவர்கள் வேலை. நெய்தல் திணைப் பாடல்களில் மீன் உணக்கிப் பறவை விரட்டும் பெண்களைக் காலங்காலமாகப் படித்துவருகிறோம். அன்று காலையும் அதே இடத்தில் அதே வேலைக்காகத்தான் நின்றார்கள்.

மரணக் கணக்கு, பெண்கள் எங்கே வேலை செய்தார்கள் என்பதைக் காட்டியது. உயிரோடு இருந்தபோது எடுக்கப்பட்ட கணக்குகள் அதை ஏன் காட்டவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஏழ்மை மிகுந்த நகர்ப்புறத் தெருக்களின் பொருளாதார நிலையை ஆய்வுத் தரவுகளைக் கொண்டு அறிய விரும்பும் மாணவிகள், எண்ணைப் பார்க்கும் முன் அந்த எண்ணைப் பெற்றுத்தந்த கேள்வியைப் பார்க்க வேண்டும்.

பெண் வேலையைக் கேள்வியே அழித்துவிட முடியும் என்பதற்கு நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சான்று. 1961 கணக்கெடுப்பில் பருவகாலத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாக வேலை செய்தாலே ஒருவர் உழைப்பாளி. 1971இல் கேள்வி மாறியது. உங்கள் முதன்மையான செயல்பாடு எது என்று கேட்டார்கள். சமைத்து, தண்ணீர் எடுத்து, பிள்ளை வளர்த்து, அதோடு வயலிலும் கடையிலும் உழைத்த பெண்ணுக்கு முதன்மை வீட்டுவேலை என்று எழுதப்பட்டது. 1961இல் சுமார் 6 கோடியாக இருந்த பெண் உழைப்பாளர்கள் 1971இல் சுமார் 3 கோடியானார்கள். பத்தாண்டில் மக்கள்தொகை பெருகியிருக்க, உழைக்கும் பெண்களில் பாதிப் பேரைக் காணோம். இதில் பெரும்பகுதி வரையறை செய்த வேலை. பெண்கள் நிலை குறித்த குழு 1974இல் அளித்த ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கையும் அதற்குப் பின் வந்த பெண்ணிய ஆய்வுகளும் இந்தச் சிக்கலை விடாமல் எழுப்பின. 1970களின் நடுவில் தேவகி ஜெயின் குழுவினர் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் பெண்கள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று நேரத்தை வைத்து அளந்து, வழக்கமான கணக்கெடுப்பு தவறவிட்ட உழைப்பை வெளிக்கொண்டுவந்தார்கள். தொடர்ந்த வற்புறுத்தலால் 1991 கணக்கெடுப்பின் கேள்வியில், வயலிலும் குடும்பத் தொழிலிலும் கூலியின்றிச் செய்யும் வேலையையும் சேர்த்து என்ற தொடர் இடம்பெற்றது. அடைப்புக்குறிக்குள் நுழைந்த அந்த ஒரு தொடருக்குப் பின்னால் இருபதாண்டுப் போராட்டம் இருக்கிறது.

தேசிய மாதிரி ஆய்வின் படிவத்திலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொருவரின் செயல்பாட்டுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 92 என்றால் வீட்டுவேலை மட்டும் செய்பவர். 93 என்றால் வீட்டுவேலையோடு விறகு, கீரை, மாட்டுத்தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது போன்றவற்றையும் செய்பவர். இரண்டு எண்களும் உழைப்பாளர் படைக்கு வெளியே நிற்கின்றன. துணைத்தொழில் பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யார், யாரிடம், எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும்.

இங்கே மொழியும் சேர்ந்து வேலை செய்கிறது. “வேலைக்குப் போறீங்களாம்மா?” என்று தமிழில் கேட்டால், கேள்விக்குள்ளேயே வாசலைத் தாண்டிப் போவது இருக்கிறது. சிதம்பரம் தேரோடும் வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் திண்ணையில் உட்கார்ந்து கூலிக்குப் பூ கட்டும் பெண்ணிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். “இல்ல சார், வீட்லதான் இருக்கேன்” என்பார். கை பூவைத் தொடுத்துக்கொண்டே இருக்கும். குறிப்பவர் 92 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். “நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்குற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் அதே பெண்ணிடமிருந்து வேறு பதில் வரும். எத்தனை முழம், முழத்துக்கு என்ன கூலி, பூ யார் தருகிறார், மழைநாளில் என்ன ஆகிறது எல்லாம் வரும். 1998–99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களிலும் 2019இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வுகள் இந்த வழியில் கேட்டவைதான். 2019 ஆய்வின்படி ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம்.

அடுத்தது, எது ஏழைத் தெரு என்ற கேள்வி. 1880களின் இறுதியில் லண்டனில் சார்லஸ் பூத் தெருத்தெருவாக வறுமையை வண்ணம் தீட்டி வரைபடமாக்கினார். 1895இல் சிகாகோவின் ஹல் ஹவுஸ் இல்லத்துப் பெண்கள், தங்களைச் சுற்றியிருந்த வீடுகளின் வாரக் கூலியையும் பூர்விகத்தையும் வரைபடத்தில் குறித்து வெளியிட்டார்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரத்துக் குடிசைப்பகுதிகளைத் தனியாக எண்ணத் தொடங்கியது 2001இல்தான். அரசு அறிவித்தவை, அங்கீகரித்தவை தவிர, அடையாளம் காணப்படும் பகுதிக்கு ஒரு வரையறை உண்டு. குறைந்தது 300 பேர், அல்லது 60 முதல் 70 குடும்பங்கள், நெரிசலான மோசமான வீடுகளில் வாழ வேண்டும். லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் மும்பைக்கும் சென்னைக்கும் இது பொருந்தலாம். 2011இல் 1,73,636 பேர் வாழ்ந்த கடலூரிலும் 62,153 பேர் வாழ்ந்த சிதம்பரத்திலும் வாய்க்கால் ஓரம் முப்பது வீடுகள், கோயில் குளத்துக்குப் பின்னால் இருபது வீடுகள் என்றுதான் வறுமை சிதறிக் கிடக்கிறது. அவை இந்த வரையறைக்குள் வருவதில்லை.

சொல்லும் சிக்கலானது. பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்துக்கெல்லாம் பொதுவாக இருந்த ‘சேரி’, சாதியால் ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. 1970இல் தொடங்கிய வாரியம் ‘குடிசை’ என்ற சொல்லைத் தேர்ந்தது; 2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. கூரையைக் கொண்டு பெயர் வைத்தால், கூரை மாறியதும் வறுமையும் மாறிவிட்டதாக ஒரு தோற்றம் வரும். ஆழிப்பேரலைக்குப் பிறகும் 2011 தானே புயலுக்குப் பிறகும் கடலூர்க் கரையோரம் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. அந்த வீட்டுப் பெண் அதிகாலையில் ஏலத்துக்குப் போக வட்டிக்கு வாங்கும் கைமுதலைக் கூரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டும். ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம் என்கிறது கணக்கெடுப்பு. வருமானம், கடன், உடைமை எல்லாம் அந்தக் குடும்பத்தின் பெயரில் ஒரே தொகையாகிவிடும். ஆனால் அந்த அடுப்பைச் சுற்றி உண்பவர்களின் பொருளாதார நிலை ஒன்றல்ல. பேரலை நிவாரணத்தில் படகு, இயந்திரம், வலை ஆகியவற்றுக்குத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. அவற்றுக்கு உரிமையாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். அன்னக்கூடையும் தராசும் முடிச்சில் வைத்திருந்த கைமுதலும் தொழில் உடைமையாகக் கண்ணில் படவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, இல்லத்தரசியின் உழைப்பை அரசே பெயர் சொல்லி ஏற்ற முக்கியமான நகர்வு. தொடங்கியபோது மாதம் 1000 ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே வந்தது. ஆனாலும் ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான். மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்தால் ஒருவர் உழைப்புக்கு மட்டும் தொகை. தகுதியைத் தீர்மானிக்கும் ஆண்டு வருமானமும் மின்சார அளவும் குடும்பத்துடையவை. அந்த வருமானம் அவள் கைக்கு வருகிறதா என்ற கேள்வி படிவத்தில் இல்லை.

இதனால் தரவே வேண்டாம் என்று ஒதுங்குவது பெண்களுக்குத்தான் இழப்பு. 391, 146 என்று யாரோ பிரித்து எண்ணியதால்தான் நமக்கு இந்த உண்மையே தெரிந்தது. மொத்தமாக 537 என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு இயற்கைப் பேரிடரின் எண்ணிக்கையாக மட்டும் நின்றிருக்கும்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்கும் ஒருவர் வருவார். வீட்டு ஆண் பதில் சொல்லட்டும் என்று உள்ளே போய்விடாதீர்கள். பூ கட்டினாலும், இட்லி மாவு அரைத்து விற்றாலும், கணவர் கடையில் கணக்கு பார்த்தாலும், அது வேலை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். முதுகலைத் திட்ட ஆய்வுக்காகத் தெருவில் இறங்கும் மாணவிகளுக்குச் சில வேண்டுகோள்கள். மீன்காரப் பெண்கள் திரும்பியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். குடும்பத்தலைவர் யார் என்று தொடங்காதீர்கள். நேற்றைய நாளைக் கேளுங்கள். கடன் யார் பெயரில், செலவழித்தது யார், கட்டுவது யார் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். முப்பது வீடுள்ள சந்தாக இருந்தாலும் அதற்கு ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.