இன்னொரு முறை

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கி, நடுவில் நீல மெத்தைகளை விரித்து, சுற்றிலும் வலை கட்டியிருந்தார்கள். என் தங்கை மகள் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு பெல்ட் வாங்கினாள். குத்து, உதை, பிடி, பூட்டு எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. போட்டி. இரண்டாவது சுற்றில் எதிராளி கீழே விழுந்து குத்துகளைத் தடுக்க முடியாமல் கிடந்தபோது நடுவர் குறுக்கே பாய்ந்து நிறுத்தினார். பத்தொன்பது வயதுப் பெண் இரண்டு கைகளையும் தூக்கி நின்றதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

மறுநாளே பேச்சு ஆரம்பித்துவிட்டது. நடுவர் அவசரப்பட்டார், இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் கதையே வேறு என்று எதிர்த்தரப்பு வீடியோ போட்டது. “ஒத்துக்கோம்மா, இல்லன்னா பயந்துட்டான்னு சொல்லுவாங்க” என்றார் அவளுடைய பயிற்சியாளர். “ஜெயிச்சாச்சு இல்லக்கா, இதோட நிறுத்திக்கட்டும். மூக்கு உடைஞ்சா யாரு கட்டிப்பாங்க?” என்றாள் என் தங்கை. அவள் கணவர் எவ்வளவு பணம் தருவார்கள் என்று விசாரித்தார். இடது கட்டைவிரல் வீங்கியிருந்ததையோ, எடைப் பிரிவுக்காக நான்கு கிலோ குறைத்ததில் அவள் இன்னும் சோர்ந்து கிடந்ததையோ யாரும் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்த தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள். “பெரியம்மா, நீங்க சரித்திரம்தானே சொல்லித் தர்றீங்க? ஜெயிச்ச பொம்பளைய எப்பவுமே இப்படித்தான் பண்ணுவாங்களா?”

அவளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் ஹமீதா பானு என்று ஒரு மல்யுத்த வீராங்கனை இருந்தார். உத்தரப்பிரதேசத்துக்காரர். அலிகாரில் சலாம் பயில்வான் என்பவரிடம் பயிற்சி பெற்றார். அன்று மல்யுத்தம் செய்யும் பெண்களே மிகக் குறைவு என்பதால் ஆண்களோடு மோதினார். 1954ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் அறிவிப்பு விட்டார்: என்னைத் தோற்கடிக்கும் ஆணை நான் திருமணம் செய்துகொள்கிறேன். பாட்டியாலாவிலிருந்து ஒருவர், கல்கத்தாவிலிருந்து ஒருவர் வந்து தோற்றார்கள். மே மாதம் வடோதராவில் நடந்த போட்டியில், பரோடா மகாராஜாவின் ஆதரவு பெற்ற பயில்வான் ஒருவர் பெண்ணோடு மோத மாட்டேன் என்று கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் பாபா பயில்வான். 1 நிமிடம் 34 நொடிகளில் போட்டி முடிந்தது. தோற்ற பாபா இனி மல்யுத்தமே செய்யப்போவதில்லை என்று அறிவித்தார்.

ஒரு நொடி இங்கே நில்லுங்கள். தோற்ற ஆண் தன் முடிவைத் தானே எடுத்தார். போதும் என்றார், போய்விட்டார். வென்ற பெண்ணுக்கு அந்தப் ‘போதும்’ கிடைத்ததா?

அந்தக் காலகட்டத்தில் 320க்கும் மேற்பட்ட போட்டிகளில் வென்றிருப்பதாக ஹமீதா சொன்னார். அவருடைய உயரம், 108 கிலோ எடை, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால், எத்தனை முட்டை, எத்தனை தட்டு பிரியாணி என்பதையெல்லாம் செய்தித்தாள்கள் பட்டியல் போட்டன. வென்ற விதத்தைவிட அந்த உடம்பு தின்பதுதான் அவர்களுக்குச் செய்தி. கோலாப்பூரில் ஓர் ஆணைத் தோற்கடித்தபோது கூட்டம் கூச்சலிட்டுக் கல்லெறிந்தது. போலீஸ் வந்துதான் அடக்கியது. புனேயில் ராம்சந்திர சாலுங்கே என்பவரோடு நடக்கவிருந்த போட்டி, மல்யுத்த அமைப்பு எதிர்த்ததால் ரத்தானது. ஹமீதா சும்மா இருக்கவில்லை. பம்பாய் மாகாண முதலமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாயிடம் புகார் செய்தார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, போட்டி நடத்துகிறவர்கள் ஹமீதாவுக்கு எதிராக ‘டம்மி’களை நிறுத்துகிறார்கள் என்று பல புகார்கள் வந்திருக்கின்றன என்று பதில் வந்தது.

அந்தக் காலத்துக் காட்சி மல்யுத்தத்தில் பேசிவைத்துக்கொண்டு மோதிய போட்டிகள் இருந்தன. அதை மறைத்து ஹமீதாவைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தால் ஆண்களின் மல்யுத்தம் நின்றுவிடவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அது அரங்குகளை நிரப்பியது. பெண்ணின் வெற்றி மட்டும் ‘இது நிஜமா?’ என்ற கேள்வியோடு ஒவ்வொரு ஊரிலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. பாட்டியாலாவில் வென்றது கல்கத்தாவில் செல்லாது. கல்கத்தாவில் வென்றது வடோதராவில் செல்லாது.

அதே 1954இல் பம்பாயில் ரஷ்யாவின் ‘பெண் கரடி’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்துக்குள் ஹமீதா வீழ்த்தினார். ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள மல்லர்களோடு மோதப்போவதாக அறிவித்தார். அதற்குப் பிறகு மல்யுத்தக் களத்தில் அவர் பெயரைக் காணோம்.

என்ன நடந்தது? அவருடைய பேரனும் அண்டை வீட்டுக்காரரும் பல ஆண்டுகளுக்குப் பிறகு பிபிசியிடம் சொன்னார்கள்: ஐரோப்பாவுக்குப் போகவிடாமல் சலாம் பயில்வான் அவரை அடித்தார், கையும் காலும் முறிந்தன, நெடுங்காலம் கம்பு ஊன்றித்தான் நடந்தார். பிறகு மும்பைக்குப் பக்கத்துக் கல்யாணில் பால் விற்றார். கட்டடங்களை வாடகைக்கு விட்டார். கையில் காசு இல்லாதபோது சாலையோரத்தில் பலகாரம் விற்றார். 1986இல் இறந்தார். 2024 மே 4 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டபோதுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரியவந்தது.

இதைச் சொன்னபோது என் தங்கை மகள், “அல்லி கதை மாதிரியே இருக்கு பெரியம்மா” என்றாள். சரிதான். நாங்கள் கேட்டு வளர்ந்த அல்லி அரசாணி கதையில், ஆண் வாடையே ஆகாது என்று மதுரையை ஆண்ட அல்லியை அர்ச்சுனன் நேருக்கு நேர் நின்று பணிய வைக்கவில்லை. பாம்பாக மாறி அறைக்குள் நுழைந்து, தூங்குகிறவளின் கழுத்தில் தாலி கட்டினான். களத்தில் வெல்ல முடியாதவளை வீட்டுக்குள் வெல்வது நம் ஊரில் வேடிக்கைக் கதை. ஹமீதாவுக்கு அது முறிந்த எலும்பு.

இது பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்று சொல்லலாம். மாறித்தான் இருக்கிறது. அமெரிக்காவின் யு.எஃப்.சி. நிறுவனத்தின் தலைவர் டேனா வைட், பெண்கள் ஒருபோதும் எங்கள் கூண்டுக்குள் வரமாட்டார்கள் என்று 2011இல் சொன்னார். 2013 பிப்ரவரியில் ரோண்டா ரௌசியும் லிஸ் கார்மூஷும் அதே கூண்டுக்குள் மோதினார்கள். 2024 ஜூனில் பூஜா தோமர் அங்கே வென்ற முதல் இந்தியர் ஆனார். இந்தியாவின் ஆண் வீரர்களுக்கும் முன்னால்.

ஆனால் அங்கேயும் ‘இன்னொரு முறை’ இருக்கிறது. 2015 நவம்பரில் மெல்பர்னில் 56,000க்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருக்க, அதுவரை தோற்காத ரௌசியை ஹாலி ஹோம் இரண்டாவது சுற்றில் இடது காலால் உதைத்து வீழ்த்தினார். புதிய சாம்பியன் வந்தாயிற்று. ஆனால் மறுநாளிலிருந்து எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ரௌசியோடு மறுபோட்டி எப்போது? அந்த விளையாட்டிலேயே அதிகப் பணம் புரளக்கூடிய மோதலாக அது பேசப்பட்டது. ரௌசி திரும்பிவர மாதங்கள் ஆகும். பேசாமல் காத்திருந்தால் ஹோமுக்குப் பெரும் தொகை. அவர் காத்திருக்கவில்லை. 2016 மார்ச்சில் மீஷா டேட்டோடு மோதி, ஐந்தாவது சுற்றில் கழுத்துப் பிடியில் மயங்கித் தோற்றார். பெல்ட் போனது, கோடிக்கணக்கான பணமும் போனது. முட்டாள்தனம் என்றார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. சாம்பியன் என்பவர் அடுத்த சம்பளத்துக்காகப் பொத்திவைக்கப்படும் பண்டம் அல்ல என்று அவர் நடந்துகாட்டினார். தோற்றது உண்மை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த சண்டையில் தோற்றார்.

தோற்ற ரௌசியின் நிலையோ இன்னும் கொடுமை. மருத்துவ அறையின் மூலையில் உட்கார்ந்து, இனி நான் யார் என்று நினைத்ததாகவும், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததாகவும் அவரே 2016 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் சொன்னார். அப்போதும் எப்போது திரும்புவீர்கள் என்றுதான் உலகம் கேட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் திரும்பி வந்தார். அமண்டா நூனிஸிடம் 48 நொடிகளில் தோற்றார். உலகம் எதிர்பார்த்த ஹோம்-ரௌசி மறுபோட்டி நடக்கவே இல்லை.

அப்படியானால் மறுபோட்டி என்பதே தவறா? இல்லை. நிகத் ஜரீனின் கதை அதற்கு நேர்மாறு. 2019இல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்குச் சோதனைப் போட்டி இல்லாமலேயே மேரி கோமை அனுப்பும் பேச்சு குத்துச்சண்டைக் கூட்டமைப்பில் எழுந்தது. அதே ஆண்டு மே மாதம் மேரி கோமிடம் தோற்றிருந்த நிகத், எனக்கு ஒரு நியாயமான வாய்ப்பு வேண்டும் என்று விளையாட்டு அமைச்சருக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். டிசம்பர் 28 அன்று டெல்லியில் போட்டி நடந்தது. மேரி கோம் 9-1 என்று வென்றார். கை குலுக்காமல் போனார். ஊடகங்கள் அந்தக் கை குலுக்காததை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டின.

இரண்டு பெண்களின் சண்டை என்று அதைச் சுருக்குவது எளிது. ஆறு முறை உலக சாம்பியனான, மூன்று பிள்ளைகளைப் பெற்று மீண்டும் வளையத்துக்குள் வந்த மேரி கோம், ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக நிரூபிக்க வேண்டியிருந்தது. நிகத்துக்கோ நிரூபிக்கும் வாய்ப்பையே கெஞ்சிப் பெற வேண்டியிருந்தது. விதியை முன்கூட்டியே தெளிவாக வைத்திருக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை. அதற்கான விலையை இரண்டு பெண்கள் வளையத்துக்குள் கொடுத்தார்கள். நிகத் 2022இல் இஸ்தான்புல்லிலும் 2023இல் டெல்லியிலும் உலக சாம்பியன் ஆனார். தோற்றவள் கேட்டுப் பெற்ற வாய்ப்பு வீண்போகவில்லை.

ஆக, மறுபடி மோதுவதில் குற்றமில்லை. எப்போது, யாரோடு, எந்த விதியின்படி, எந்த உடல்நிலையில் என்று முடிவு செய்வது யார் என்பதுதான் கேள்வி.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியைத் திரௌபதியின் பிறந்த ஊர் என்று சொல்லும் மண் இது. வெயில் காலத்தில் ஊர் ஊராகப் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். துகிலுரியும் காட்சியைப் பார்த்து அழாத பெண்களை நான் கண்டதில்லை. அந்தக் காட்சிக்குப் பின்னால் வியாச பாரதம் சொல்லும் ஒரு செய்தியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சபையில் நியாயம் கேட்டு, வரம் பெற்று, கணவர்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டவள் திரௌபதி. ஊர் திரும்பும் வழியிலேயே இன்னொரு ஆட்டத்துக்கு அழைப்பு வருகிறது. துரியோதனன் கேட்டான், திருதராஷ்டிரன் சம்மதித்தான், தருமன் திரும்பிப் போனான். காந்தாரி வேண்டாம் என்றாள், யாரும் கேட்கவில்லை. மீட்டுக் கொடுத்தவளிடம் இன்னொரு முறை ஆடலாமா என்று கேட்கக்கூட இல்லை. பதின்மூன்று ஆண்டு வனவாசமும் தலைமறைவும் அந்த இரண்டாம் ஆட்டத்தில் வந்தவை.

இதையெல்லாம் பேசி முடித்தபோது இரவு பதினொன்று. “சரி, உனக்கு என்ன வேணும் கண்ணு?” என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. “இதை இப்பதான் ஒருத்தர் கேக்குறீங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் மண்டபத்தில் அவளைக் கட்டிப்பிடித்து அழுத நான், கண்ணைத் துடைத்ததும் கேட்ட முதல் கேள்வி, “அடுத்தது எப்போ?”

காலையில் ஒரு நோட்டுத்தாளில் எழுதிவைத்திருந்தாள். விரல் ஆறி மருத்துவர் சரியென்று சொன்ன பிறகுதான். இந்த முறை நான்கு கிலோ குறைக்க முடியாது, இருக்கிற எடையில்தான். நடுவர் யார் என்பது முன்பே தெரிய வேண்டும். போட்டி நடக்கும் இடத்தில் மருத்துவர் இருக்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

பயிற்சியாளருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். அவர் பார்த்துவிட்டார், இன்னும் பதில் போடவில்லை. என் தங்கை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பெல்ட் அவர்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகிறது.