போர்டு பணம் மானியமா?



தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் 'போர்டு பணம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஏதோ அரசாங்கம் கொடுத்த மானியம் என்றுதான் இளையவர்கள் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அது அவர்கள் விளைவித்த காபியின் விலை. அரசு வழியாகத் தவணை தவணையாக வந்ததால், உதவிப் பணம் போலத் தோன்றிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. காபி தேங்கியது. 1940-ல் ஒரு அவசரச் சட்டம், பிறகு 1942-ல் காபிச் சட்டம். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக மற்ற எல்லாக் காபியையும் 'பூல்' என்ற பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். வெளியே விற்றால் குற்றம். போர்க்காலத்துக்கு வந்த ஏற்பாடு அரை நூற்றாண்டு நீடித்தது!

கணக்கு இப்படி. காபி க்யூரிங் ஒர்க்ஸுக்குப் போகும். (பட்டிவீரன்பட்டி அதற்குப் பேர் போன ஊர். சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த சௌந்தரபாண்டியனார் பிறந்த ஊரும் அதுதான்.) அங்கே தரம் பிரித்து, தரத்துக்கு இத்தனை 'பாயிண்ட்' என்று பதிவார்கள். முதலில் ஒரு முன்பணம். போர்டு ஏலத்தில் விற்க விற்க, செலவு கழித்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று அடுத்தடுத்த தவணை. கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த பூவும் பூத்து, காயும் பழுத்துவிடும்.

பெரிய எஸ்டேட்காரர் காத்திருப்பார். இரண்டு ஏக்கர்காரர் என்ன செய்வார்? காபிக்கு நடுவே இருந்த மலைவாழைதான் அவருக்குச் சந்தைச் செலவுக்குக் காசு தந்தது. 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழையை அழித்தது. அதன்பின் வரவேண்டிய போர்டு பணத்தைக் காட்டிக் கடன் வாங்கினார்கள். "போர்டு பணம் வந்ததும் பீஸ் கட்டிடறோம் சார்" என்று என் வகுப்பிலேயே பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது சலுகை அல்ல, கொஞ்சம் அவகாசம்.

1990-களில் கட்டுப்பாடு தளர்ந்தது. 1995-ல் சிறு விவசாயிகளுக்கும் 1996-ல் எல்லோருக்கும் விற்கும் உரிமை முழுமையாக வந்தது. நல்ல நேரம் அது. 1994-ல் பிரேசிலில் உறைபனி அடித்து உலக விலை ஏறியிருந்தது. கையில் ரொக்கம், ஓட்டு வீடு கான்கிரீட் ஆனது. பிறகு வியட்நாம் காபி குவிந்தது. 2001-ல் முப்பது ஆண்டுகளில் காணாத சரிவு. பழம் பறிக்கும் கூலிக்கே கட்டாத விலை. அப்போது தாங்கிப் பிடிக்கப் பூலும் இல்லை.

பூல் என்ற எண்ணமே தவறு என்று நான் சொல்லமாட்டேன். விலை விழும்போது அது ஒரு தடுப்புச் சுவர். தாமதம்தான் கெடுத்தது.

உண்மையான மானியம் இப்போது உண்டு. மறுநடவுக்கு, தண்ணீர் வசதிக்கு, உலர்களத்துக்கு. ஆனால் பட்டா வேண்டும், முதலில் கைக்காசைப் போட்டு வேலையை முடித்துக் காட்டவும் வேண்டும். மறுபடியும் காத்திருக்க முடிந்தவருக்கே அது எளிது.

வீட்டுப் பரணில் பழைய பூல் ரசீது கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வருடம், எத்தனை தவணை என்று சேர்த்து எழுதி வைக்கலாம்.