பக்கவாத மறுவாழ்வு: குமரி மாவட்டத்தில் தொக்கணம் முதல் இயன்முறை வரை

பக்கவாதம் என்பது மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பெரும்பாலும் உடலின் ஒரு பக்கம் செயலிழக்கும் நிலையாகும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு இரண்டு மரபுகள் துணைநின்றுள்ளன: வர்ம ஆசான்களின் தொக்கணம், நவீன இயன்முறை மருத்துவம்.

வர்ம மரபு

நாஞ்சில் நாடு எனப்படும் அகத்தீஸ்வரம், தோவாளை வட்டங்களும், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. இப்பகுதியில் அடிமுறை கற்பித்த ஆசானே அடிபட்டவருக்கு வைத்தியமும் பார்த்தார். வர்மங்கள் 108 என்பது பொதுவான கணக்கு. அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. வாத நோய்களுக்குத் தைலம் பூசித் தொக்கணம் செய்வது வழக்கம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாகத் தொக்கணம் ஒன்பது வகைப்படும். கை கால்களை அசைத்துக் கொடுப்பது மூட்டுகள் இறுகாமல் இருக்க உதவும். ஆனால், பிறர் அசைத்துவிடும் கை தானாக வேலை செய்யக் கற்பதில்லை.

இயன்முறை மருத்துவம்

1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். அவரது முயற்சியால் 1966இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1970இல் பெர்த்தா போபாத், சிக்னே புருன்ஸ்ட்ராம் இருவரும் பக்கவாத மறுபயிற்சி பற்றித் தனித்தனி நூல்கள் வெளியிட்டனர். நல்ல கையைக் கட்டிவைத்து, பலவீனமான கையை வேலை வாங்கும் முறையை எட்வர்ட் டாப் உருவாக்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரனின் கண்ணாடிப் பயிற்சி, 1999இல் பக்கவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது.

இம்முறைகளிலிருந்து வளர்ந்த இன்றைய பயிற்சியின் அடிப்படை எளியது: எந்த வேலை திரும்ப வேண்டுமோ, அதையே பலமுறை செய்ய வேண்டும். சோறு பிசைதல், டம்ளரைப் பிடித்தல், கட்டிலிலிருந்து எழுதல், படியேறுதல் ஆகியவையே பயிற்சிகள். திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளையின் பாதிக்கப்படாத பகுதிகள் அவ்வேலையை ஏற்கப் பழகுகின்றன. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு விலகக்கூடும். அவசரமும் ஆகாது: முதல் 24 மணி நேரத்துக்குள் கடுமையாக நடக்கவைப்பது பலனைக் குறைப்பதாக 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

வீடு தேடி

பயிற்சி மாதக்கணக்கில் நீள்வதால், தொலைவும் செலவும் பலரைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடங்கும்.

காலம்

அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ முதலில் செல்ல வேண்டிய இடம் மூளை ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை. தைலமும் தொக்கணமும் அதற்குப் பின், மருத்துவரின் ஒப்புதலோடு.