நீராவிக் கொதிகலனும் காப்பு வால்வும்

நீராவிப் பொறியின் வரலாற்றைக் கூறப் புகுவோர் சேவரி, நியூகொமன், உவாட், ஸ்டீவன்சன் எனப் பெயர்களை அடுக்கி, அப்பொறி ஆலைகளையும் புகையிரதங்களையும் இயக்கிய திறத்தையே விரித்துரைப்பர். பொறிக்கு உயிராய் விளங்கிய கொதிகலன் வெடித்து மாண்டவர்களைப் பற்றியும், அவ்வெடிப்பைத் தடுக்கவென அதன் தலையிற் பொருத்தப்பட்ட சிறியதொரு மூடியைப் பற்றியும் பேசுவோர் மிகச் சிலரே. எமது அடுக்களைகளிற் குக்கரின் மேலிருந்து சீறும் சிறு நிறை அம்மூடியின் வழித்தோன்றலாகும்.

அம்மூடி பிறந்த இடமும் சமையற் பாத்திரமே. பிரான்சு தேசத்துப் புளுவாப் பகுதியிற் பிறந்த டெனிஸ் பாப்பின் என்பார், எலும்பையும் மென்மையாக்கவல்ல மூடிய கலமொன்றை 1679இல் இலண்டன் றோயல் சங்கத்தாருக்குக் காட்டினார். 1682இல் அக்கலத்திற் சமைத்த விருந்தினைச் சங்கத்தார் உண்டு களித்ததை ஜோன் ஈவ்லின் தமது நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். உள்ளே நீராவி மிகுந்து கலம் பிளந்துவிடாதிருக்கப் பாப்பின் செய்த உபாயம் எளிது. மேலே ஒரு துவாரம்; அதனை அடைக்கும் ஒரு வால்வு; வால்வை அழுத்தும் ஒரு நெம்புகோல்; அக்கோலிலே தொங்கும் ஒரு நிறை. நீராவியின் அமுக்கம் நிறையின் அழுத்தத்தை விஞ்சியதும் வால்வு தானே எழுந்து வழிவிடும். நிறையைச் சுழலிடத்திலிருந்து இருமடங்கு தூரத்துக்கு நகர்த்தினால் அதன் அழுத்தமும் இருமடங்காகும். வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இயலும் என்பதே இவ்வமைப்பின் சிறப்பு. பின்னாளிற் பல உயிர்களைக் குடித்ததும் அச்சிறப்பே.

சேவரியின் நீரேற்றும் பொறிக்கு இவ்வால்வைச் சேர்த்த தெசாகுலியே என்னும் அறிஞர் ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்துள்ளார். பொறியின் இயல்பறியாத ஒருவன், வேலையை விரைந்து முடிக்க விரும்பி, நிறையைக் கோலின் நுனிக்குத் தள்ளியதோடமையாது கனத்த இரும்பொன்றையும் அங்கே தொங்கவிட்டான். கொதிகலன் வெடித்தது; அவன் மாண்டான்.

கொதிகலன் வெடிப்பு ஏன் அத்துணைக் கொடிதென்பதை இவ்விடத்தே விளக்குதல் வேண்டும். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செந்திகிரேட்டிற் கொதிக்கும். வளிமண்டல அமுக்கத்தின் பத்துமடங்கில் அது ஏறக்குறைய 180 பாகையிலேதான் கொதிக்கும். சுவர் பிளந்து அமுக்கம் திடீரென வீழ்ந்ததும், அளவிறந்து சூடேறியிருந்த அந்நீரின் ஒரு பகுதி கணப்பொழுதில் ஆவியாகின்றது. நீர் ஆவியாகுங்கால் அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்காகப் பெருகும். எனவே வெடிப்பது நீராவி மட்டுமன்று. நீரும் உடன் வெடிக்கின்றது எனலாம்.

உவாட் உயர் அமுக்கத்தை வெறுத்தவர். அவருடைய காப்புரிமை 1800இல் முடிவுற்றதும் கோன்வாலைச் சேர்ந்த ரிச்சட் திரெவிதிக் உயர் அமுக்கப் பொறிகளைத் துணிந்து செய்யலானார். 1803 செப்டெம்பரிற் கிரீனிச்சில் அவருடைய கொதிகலன்களுள் ஒன்று வெடித்தது. நடந்ததைத் திரெவிதிக்கே தம் நண்பருக்குக் கடிதத்தில் எழுதினார். பொறியைக் காக்கவிருந்த சிறுவன் அத்திவாரக் குழியில் விலாங்குமீன் பிடிக்கப் போய்விட்டான். போகும்போது ஒரு கூலியாளிடம் பொறியை ஒப்படைத்தான். பொறி வழமையினும் விரைந்தோடுவதைக் கண்ட கூலியாள் அதனை நிறுத்தினான். ஆனால், வால்வின் கோலை இறுக்கி வைத்திருந்த ஸ்பானரை அவன் எடுத்துவிடவில்லை. ஓடாத பொறி நீராவியை உண்ணவில்லை. வால்வும் திறக்க வழியில்லை. சிறிது நேரத்திற் கொதிகலன் சிதறிற்று. மூவர் அவ்விடத்திலேயே மாண்டனர். காயமுற்ற இன்னொருவர் பின்னர் இறந்தார்.

உவாட்டின் கூட்டாளிகள் இதனைத் தமக்கெதிராய்ப் பயன்படுத்துவரெனத் திரெவிதிக் அஞ்சினார். ஆயினும் அவர் உயர் அமுக்கத்தைக் கைவிடவில்லை. வால்வுகள் இரண்டு வைத்தார். அமுக்கத்தைக் காட்டப் பாதரச மானியொன்றைச் சேர்த்தார். நீர் வற்றித் தகடு காய்ந்தால் உருகி நெருப்பின்மேல் நீராவியைப் பாய்ச்சும் ஈயச் செருகியொன்றையும் பொருத்தினார். குக்கர் மூடியில் இன்றுமுள்ள உருகுசெருகி அதன் நேர்ப் பேரன்.

1831இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், சாள்ஸ்ரன் நகரின் புகழ்வாய்ந்த புகையிரதப் பொறியொன்றிலே தீயிடுவோன் வால்வின் சீறலைப் பொறாது அதன் கோலை அமுக்கிவைத்தான். கொதிகலன் வெடித்து அவன் உயிரிழந்தான். இத்தகைய கதைகளைப் படிப்போர் தொழிலாளியின் பேதைமையை நொந்துகொள்வது இயல்பு. இவ்விடத்தில் நாம் சற்றுத் தயங்க வேண்டும். சீறி வெளியேறும் நீராவி வீணாகும் நிலக்கரி. வீணாகும் நிலக்கரி முதலாளியின் பணம். வேகம் குறைந்தால் ஏச்சுக் கேட்பவன் தீயிடுவோன். அவன் கையெட்டும் தூரத்தில் நிறையைத் தொங்கவிட்டுவிட்டு, அதனைத் தொடாதே என்றால் எவ்வளவு காலம் தொடாதிருப்பான்? கிரீனிச்சு ஸ்பானரைப் பற்றியும், அதனை அங்கு வைத்தது யார் என்று கேட்டல் தகும்.

இவ்வுண்மையை 1817இல் நோரிச்சு நகரிற் படகொன்றின் கொதிகலன் வெடித்தபின் ஆராய்ந்த பிரித்தானியப் பொதுச்சபைக் குழு உணர்ந்திருந்தது. வால்வு இரண்டு வேண்டும், அவற்றுள் ஒன்று பொறியாளனுக்கு எட்டாததாய் இருத்தல் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை உடனே சட்டமாகவில்லை. புகையிரதப் பொறிகளுக்கு இக்குறையைத் தீர்த்தவர் ஜோன் ராம்ஸ்பொட்டம். 1850களில் அவர் அமைத்த இரட்டை வால்வில், ஒரே வில்லும் ஒரே கோலும் இரண்டையும் அழுத்தும். ஒன்றை இறுக்க முயன்றால் மற்றது தளரும்.

வால்வு மட்டும் போதுமாயிருந்ததா? இல்லை. நீர் வற்றியும், தகடு துருப்பிடித்தும், தைப்பு விரிந்தும் கொதிகலன்கள் வெடித்தன. செந்நிறமாய்க் காய்ந்த தகட்டிலே நீர் ஐதரசனாகப் பிரிந்து தீப்பற்றுகிறதென்று பலர் நம்பினர். பிலதெல்பியாவின் பிராங்கிளின் கழகத்தார் 1830களிற் பரிசோதனை நடத்தி அக்கொள்கையைத் தகர்த்தனர். மஞ்செஸ்ரரில் 1854இல் வில்லியம் பெயர்பேண் முதலியோர் கூடி, கொதிகலன்களைக் காலந்தோறும் பரிசோதிக்கும் சங்கமொன்றை நிறுவினர். 1882ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியாவில் வெடிப்புகளை விசாரிப்பதை அரசின் கடமையாக்கிற்று. 1905 மார்ச்சு 20இல் மசச்சூசெற்சின் புரொக்ரன் நகரச் சப்பாத்துத் தொழிற்சாலையிற் பழைய கொதிகலனொன்று வெடித்து 58 பேர் இறந்தனர். அங்கே பிழை வால்வினதன்று. தகடுகள் ஒன்றன்மேலொன்று படிந்த தைப்பினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத வெடிப்பொன்று வளர்ந்திருந்தது. அம்மாநிலம் 1907இல் விதிகள் வகுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியியலார் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பு 1914இல் உருவாயிற்று.

திறக்காத வால்வுக்கு அஞ்சிய நூற்றாண்டுகளின் பின்னர், மூடாத வால்வு ஒன்றும் வரலாற்றில் இடம்பெற்றது. 1979 மார்ச்சு 28இற் பென்சில்வேனியாவின் திரீ மைல் தீவு அணு மின்நிலையத்தில் அமுக்கத்தைத் தணிக்கத் திறந்த வால்வு மீண்டும் மூடாது சிக்கிக்கொண்டது. மூடுமாறு மின்கட்டளை சென்றது என்பதையே கட்டுப்பாட்டறை விளக்கு காட்டிற்று. வால்வு மூடியதா என்பதை அது காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக நீர் வெளியேறிக்கொண்டிருக்க, விளக்கை நம்பியிருந்தோர் வால்வு மூடிவிட்டதென்றே எண்ணியிருந்தனர். அணுவுலையின் உள்ளகம் ஏறத்தாழப் பாதி உருகிற்று.